குலசிங்கத்தாருக்குச் சரிவராத சங்கிலி

மனைவியிடம் 'மாட்டேன்' என்று சொல்லத் தைரியமில்லாத ஆண்பிள்ளைக்கு ஆண்டவன் ஏதாவதொரு வழி காட்டாமல் விடுவதில்லை. ஓக்லண்ட் நகரத்து லின்ஃபீல்டில் குடியிருக்கும் குலசிங்கத்தாருக்குக் காட்டியது, பனியில் வழுக்காமலிருக்கச் சக்கரத்தில் சுற்றும் டயர்ச் சங்கிலி.

விஷயம் இதுதான். ஓக்லண்டில் பனி கொட்டுவதில்லை. கொட்டுகிற மலையடிவாரத்தில், ஒஹாகுனே என்ற ஊரில், ஒரு சின்ன மோட்டலைக் குத்தகைக்கு எடுத்து நடத்த அவர் மனைவி ரதிதேவி ஆசைப்பட்டாள். வாசல் ஏற்றத்தில் பனி தள்ள ஒரு குட்டி டிராக்டரும் கூடவே வரும். இருபது வருஷம் ஆஸ்பத்திரி வார்டு கூட்டிப் பிள்ளைகளை ஆளாக்கிய மனுஷி தனக்கென்று கேட்ட முதல் ஆசை. எந்த வாயால் மறுப்பது?

போகவோ அவருக்கு அறவே மனமில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வன்னி, வன்னியிலிருந்து கொழும்பு, கொழும்பிலிருந்து இங்கே என்று மூட்டை கட்டிக் கட்டியே அலுத்த மனிதர். இன்னொரு தடவை பெட்டி கட்ட அவரால் ஆகாது.

"சங்கிலி இல்லாமல் டிராக்டர் பனியிலை வழுக்கும். நல்லதாப் பார்த்து எடுத்திட்டுப் போவம்," என்றார். பார்க்கத் தொடங்கினார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏணி மாதிரிப் பின்னினது மலிவு. எடுப்பமே?" என்றாள் ரதி.

"ஐயையோ! அது பக்கவாட்டிலை இழுபடும். சரிவுக்குச் சரிவராது."

"அப்ப டயமண்ட் பின்னல்?"

"பிடி நல்லம்தான். மட்கார்டிலை உரசுமோ எண்டு யோசிக்கிறன்."

"சக்கரத்தைக் கொஞ்சம் வெளியாலை தள்ளிப் பூட்டலாமாம்."

திடுக்கிட்டார். இவளுக்கு இதெல்லாம் யார் சொன்னது? "தள்ளினால்... சங்கிலி கிழிச்சு வாசல் தார் கிளம்புமே, ரதி! நீர் அவசரப்படாதையும்."

"சரி, நான் அவசரப்படேல்லை."

பெண்சாதி இப்படிச் சட்டென்று அடங்கினால் அது நல்ல சகுனமில்லை. கலியாணம் முடித்த எவனுக்கும் தெரிந்த சங்கதி. இவர் மட்டும் நிம்மதியாகத் தேத்தண்ணி குடித்தார்.

அடுத்த ஞாயிறு சோறு போடும்போது ரதி சொன்னாள்: "இஞ்சேருங்கோ, நீங்கள் ஆறுதலா யோசியுங்கோ. குளிர்காலம் முழுக்க நானும் தங்கச்சி சாந்தகுமாரியும் அங்கை போய் நிக்கிறம். நீங்கள் வீட்டைப் பாருங்கோ."

கேட்டது கிடைத்துவிட்டது. பெட்டி கட்ட வேண்டாம். குலசிங்கத்தார் சந்தோஷப்படப் பார்த்தார், முடியவில்லை. வெறும் கதிரையை எதிரே வைத்துக்கொண்டு தனியே சாப்பிடுவதை நினைத்தார். ஓடிய ஊரிலெல்லாம் இவள் பக்கத்தில் இருந்தாள். அதனால்தான் அவையெல்லாம் வீடாக இருந்தன. இந்தப் புத்தி இவ்வளவு நாளும் எங்கே போயிருந்ததோ! பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"நானும் வாறன்."

"அப்ப சங்கிலி?"

"என்ன கண்டறியாத சங்கிலி! ஏதாவது ஒண்டைப் பூட்டுவம்."

ரதி அவர் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு விட்டாள்.

"மோட்டல்காரரைக் கொண்டு அங்கை டிராக்டருக்கு டயமண்ட் பின்னல் போன மாசமே பூட்டியாச்சு. உரசேல்லை. உங்கட வாயாலை 'வாறன்' எண்டு வரட்டும் எண்டுதான் பார்த்துக்கொண்டிருந்தனான்."