மாஸ்டரின் க்ரீமுக்கு நான் போட்ட பூட்டு

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி எழுதுவது. உன் முட்டிவலியும் அத்தானின் காது மெஷினும் போன வாரம் இருந்த நிலையிலேயே இருக்கும் என்று நம்பி, அவற்றை விசாரித்ததாக வைத்துக்கொண்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன். போனில் சொல்லலாம்தான். ஆனால் நான் போனில் பேசினால் தெரு முழுக்கக் கேட்கும் என்று நீயே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாய். இது தெருவுக்குக் கேட்கக் கூடாத விஷயம். பெண்கள் வார்டில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நீ, நீ ஒரு வார்த்தை சொன்னால் என் மனைவி கேட்பாள். நான் சொன்னால் அவள் கேட்பதே இல்லை என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் விபரீதம் என்னவென்றால், கல்யாணமானதிலிருந்து முதல் தடவையாக நான் சொன்னதை அவள் கேட்டுவிட்டாள். இப்போது வீட்டில் கார் ஓடவில்லை.

உனக்குத் தெரியும், அவளை இங்கே யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, எல்லோருக்கும் மாஸ்டர்தான், எனக்கும் அதுவே பழகிவிட்டது. டிரைவிங் ஸ்கூல் ஆரம்பித்த நாள் முதல் இந்த ஊரில் பாதிப் பேர் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்டியரிங் பிடித்தவர்கள், மீதிப் பேர் அவர்கள் வருவதைப் பார்த்து நடைபாதையில் ஏறியவர்கள். அப்பேர்ப்பட்டவளுக்கு மாதவிலக்கு நின்று சில வருஷம் கழித்து ஒரு தொந்தரவு ஆரம்பித்தது. உட்கார்ந்தால் எரிச்சல், சிறுநீர் போனால் ஊசி குத்துகிற மாதிரி வலி, போய்விட்டு வந்து கார் கதவைத் திறப்பதற்குள் மறுபடி போக வேண்டும் போல அவசரம். ஒரு இன்ஃபெக்‌ஷனுக்கு வாங்கிய மாத்திரையின் அட்டையைக் குப்பையில் போடுவதற்குள் அடுத்த இன்ஃபெக்‌ஷன் வந்து நிற்கும். எங்கே அடிக்கடி போக வேண்டிவருமோ என்று தண்ணீர் குடிப்பதையே விட்டாள், அதனால் எரிச்சல் இன்னும் கூடியது. ஒரு நாள் மெயின் ரோட்டில் வண்டியை ஓரங்கட்டச் சொல்லிவிட்டுப் பெட்ரோல் பங்குக்குள் ஓடியிருக்கிறாள், கற்றுக்கொள்ள வந்த பல் டாக்டர் இதுவும் பாடத்தில் ஒரு பகுதி என்று நினைத்துத் தானும் இறங்கிப் பின்னாலேயே ஓடினாராம். என்னிடம் மட்டும் ‘உடம்பு சூடு’ என்று சொல்லி வைத்திருந்தாள். நானும் என் பங்குக்கு மின்விசிறியை ஐந்தில் வைத்தேன்.

கடைசியில் அவளே போய் ஒரு பெண் டாக்டரைப் பார்த்து ஒரு க்ரீம் வாங்கிவந்தாள். எங்கே போடுகிற க்ரீம் என்று எழுத எனக்குக் கை கூசுகிறது. ஆனால் உறுப்புக்குப் பெயர் இருக்கிறது, வாயைத் திறந்து சொல்லு என்று நீ அதட்டுவாய். சரி, பிறப்புறுப்புக்குள் வைக்கிற ஈஸ்ட்ரோஜன் க்ரீம். எழுதிவிட்டேன். முதலில் இரண்டு வாரம் தினமும், அப்புறம் வாரத்துக்கு இரண்டு தடவை. வயது ஆக ஆக அந்த ஹார்மோன் குறைந்து உள்தோல் மெலிந்து வறண்டு போகிறது, அதனால்தான் இத்தனை பாடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இரண்டு மூன்று மாதத்தில் பழைய மாஸ்டர் திரும்பி வந்துவிட்டாள், அக்கா. சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள், காலை முதல் மாலை வரை வகுப்பு எடுத்தாள், பக்கத்துத் தெருவில் திரும்பும்போதே அவள் அதட்டல் எனக்குக் கேட்டது. எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் குப்பைக் கூடையில் க்ரீம் டப்பாவோடு வந்த துண்டுச்சீட்டு என் கண்ணில் பட்டது.

எந்தப் பொருள் வாங்கினாலும் அவள் பொருளை எடுப்பாள், நான் கூட வந்த காகிதத்தை எடுப்பேன். பெயிண்ட் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவனுக்கு அது ரத்தத்தில் ஊறியது. பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். பக்கவாதம், மாரடைப்பு, ரத்தக்கட்டு, கர்ப்பப்பைப் புற்றுநோய், மார்பகப் புற்றுநோய், ஞாபகமறதி. அதுவும் கட்டம் கட்டிப் போட்டிருந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எங்கள் தொழிற்சாலையில் ஒரு மெஷின் மேல் சந்தேகம் வந்தால் விசாரணை முடிகிறவரை அதைப் பூட்டி, சாவியை நான் வைத்துக்கொண்டு, ‘ஆபத்து, இயக்காதே’ என்று சிவப்பு அட்டை தொங்கவிட்டுக் கையெழுத்துப் போடுவேன். ஓய்வு பெறும்போது மிச்சம் இருந்த அட்டைகளை நினைவுப்பொருளாகக் கொண்டுவந்திருந்தேன். க்ரீமை பாத்ரூம் அலமாரிக்குள் வைத்துப் பூட்டி, அட்டையை மாட்டி, முறைப்படி கையெழுத்தும் போட்டேன்.

மாலையில் வந்து பார்த்தவள் சிரித்துவிட்டாள். “என்னங்க இது, என் க்ரீமைக் கைது பண்ணிட்டீங்களா?” என்றாள். “விசாரணை முடியற வரைக்கும்” என்று சொல்லிக் காகிதத்தைப் படித்துக் காட்டினேன். ரத்தக்கட்டு வரை சிரித்துக்கொண்டிருந்தாள். மார்பகம் என்று வந்ததும் சிரிப்பு நின்றது. “நிஜமாவே போட்டிருக்கா? இங்க குடுங்க” என்று வாங்கிப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து, “சரி, பூட்டியே இருக்கட்டும்” என்றாள். நான் வெற்றிவீரனாக நடந்தேன், அக்கா. உண்மையைச் சொல்கிறேன், அன்றைக்குச் சாப்பாடுகூட ருசியாக இருந்தது.

மறுநாளே விசாரணையைத் தொடங்கி மருந்துக்கடைக்குப் போனேன். கடையில் இருந்த பெண்ணிடம் துண்டுச்சீட்டை மெதுவாக நீட்டி, “இது ஆபத்தாம்மா?” என்று ரகசியமாகக் கேட்டால், அவள் ஊருக்கே அறிவிக்கிற குரலில், “யாருக்கு சார் இந்த க்ரீம்?” என்றாள். பின்னால் என்னோடு நடைப்பயிற்சிக்கு வரும் வங்கிக்காரர் கண் சொட்டுமருந்துக்காக நிற்கிறார். மனைவி பெயரை வெளியில் விடக் கூடாது என்கிற பதற்றத்தில், “எனக்குத்தான்” என்று வாயிலிருந்து வந்துவிட்டது. அந்தப் பெண் காகிதத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி காகிதத்தைப் பார்த்தாள். “உங்களுக்கு வேண்டாம் சார்” என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். அன்றிலிருந்து வங்கிக்காரர் எனக்காக மெதுவாக நடக்கிறார். பூங்காவில் பெஞ்சைத் துடைத்து உட்காரவைத்து, “வயசானா உடம்பு எப்படி எப்படியோ மாறும், மனசை மட்டும் விட்டுடாதீங்க” என்கிறார். மறுத்துப் பேசவும் வழி இல்லை.

இதற்குள் மாஸ்டருக்குப் பழைய எரிச்சல் திரும்பிவிட்டது. அவள் மாணவர்கள் லைசென்ஸ் தேர்வுக்குப் போகிற வாரம் பார்த்து இன்ஃபெக்‌ஷனும் குளிர்ஜுரமும் சேர்ந்து வந்தன. தானே கூடப் போய் நிற்க வேண்டியவள் படுத்த படுக்கையாகக் கிடந்தாள், எட்டுப் போடத் தெரிந்தவர்கள்கூடப் பதற்றத்தில் கம்பத்தை இடித்துவிட்டு வந்தார்கள். இருவருமாக டாக்டரிடம் போனோம். நான் சும்மா போகவில்லை. துண்டுச்சீட்டில் சிவப்பு மையால் கோடு போட்டு, கேள்விகளை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். டாக்டர் சின்னப் பெண், நம் வீட்டுக் கடைக்குட்டி வயதுதான் இருக்கும். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ, “படிச்சது நல்லதுதான் சார். நானே முதல்ல இதை விளக்கிச் சொல்லியிருக்கணும்” என்று ஆரம்பித்து என் வாயை அடைத்துவிட்டாள்.

“இந்தப் பயம் வந்தது வாய்வழியா சாப்பிடற ஹார்மோன் மாத்திரைய வெச்சுப் பண்ணின பழைய ஆராய்ச்சியில இருந்து. அந்த மாத்திரை உடம்பு முழுக்கப் போகும். இது கொஞ்சூண்டு அளவு, வைக்கிற இடத்துலயே வேலை செய்யும், ரத்தத்துல கலக்கறது ரொம்ப ரொம்பக் கம்மி. இதை வெச்சுக்கிட்ட நிறையப் பெண்களை வருஷக்கணக்கா கவனிச்சுப் பார்த்திருக்காங்க, நீங்க கோடு போட்டிருக்கற வியாதியெல்லாம் இதனால கூடினதாத் தெரியலை. மருந்து ஒரே இனம்கறதால அதே எச்சரிக்கைய இதுக்கும் அச்சடிச்சிட்டாங்க” என்றாள். “அப்போ ஆபத்தே கிடையாதா?” என்று மடக்கினேன். “அப்படிச் சொல்ல மாட்டேன். மார்பகப் புற்றுநோய் வந்தவங்கன்னா அவங்க கேன்சர் டாக்டரையும் கலந்து பேசித்தான் குடுப்போம். மாதவிலக்கு நின்னவங்களுக்கு மறுபடி ரத்தம் பட்டா உடனே வந்து காட்டணும். இவங்களுக்கு ரெண்டும் இல்லை. இவங்களுக்கு இப்ப இருக்கற ஆபத்து இந்த இன்ஃபெக்‌ஷன்தான்” என்றாள். நான் அடுத்த கேள்விக்கு வாயைத் திறப்பதற்குள் மாஸ்டர் குறுக்கே பாய்ந்தாள். “இவரு மட்டும் என்னவாம் டாக்டர்? பாக்டரியில பெரிய பாய்லருக்கு ‘வெடிக்கும், விலகி நில்’லுன்னு போர்டு வெச்சாரு. அதே போர்டை டீ போடற கெட்டிலுக்கும் ஒட்டினாரு. அதுவும் தண்ணி கொதிக்கற பாத்திரம்தானேன்னு கேட்டாரு. ஒரு வாரம் யாரும் டீ குடிக்கலை.” டாக்டர் சிரித்த சிரிப்பில் நர்ஸ் உள்ளே வந்து பார்த்துவிட்டுப் போனாள். என் மூக்கு அங்கேயே அறுந்து விழுந்தது.

ஆனாலும் நான் பிடித்த பிடியை விடவில்லை. இன்னொரு டாக்டரையும் கேட்காமல் விசாரணை முடிந்ததாகாது, அதுவரை பூட்டு இருக்கட்டும் என்றேன். அவள் சண்டை போடவில்லை, அக்கா. போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சோபாவில் ஒருக்களித்து உட்கார்ந்துகொண்டு, “இத்தனை வருஷமா பிரேக்குன்னு நினைச்சு ஆக்ஸிலேட்டரை மிதிக்கறவங்க பக்கத்துல உட்கார்ந்திருக்கேன். ஒரு நாளாவது போகாதேன்னு சொன்னீங்களா? அது உன் வேலை, உனக்குத் தெரியும்னு விட்டீங்க. என் உடம்பு மட்டும் எப்படிங்க உங்க வேலையாச்சு?” என்றாள். எழுந்து போய்க் கார் சாவியை எடுத்துவந்து, மேஜையில் இருந்த அலமாரிச் சாவிக்குப் பக்கத்தில் வைத்தாள். “இந்த வலியோட என்னால சீட்டுல உட்கார முடியாது. ஸ்கூலை மூடிடறேன். ரெண்டையும் நீங்களே பத்திரமா வெச்சுக்கோங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அன்றிலிருந்து இரண்டு சாவியும் என்னிடம் இருக்கின்றன, வீடு எனக்குப் பிடிக்கவில்லை. காலையில் கற்றுக்கொள்ள வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்தி வேறு ஸ்கூலின் விலாசம் சொல்லி அனுப்புகிறாள். எனக்குப் பயம், அக்கா. அதை அவளிடம் சொல்லத் தெரியாமல்தான் பூட்டைப் போட்டேன். அந்தக் காகிதத்தில் இருந்த ஒவ்வொரு வியாதியையும் அவளுக்கு வந்ததாக நினைத்துப் பார்த்தேன், அவள் இல்லாத வீட்டில் நான் என்ன செய்வேன் என்று நினைக்கவே முடியவில்லை. ஆகவே நீ உடனே அவளுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். க்ரீமை நிறுத்தியது சரிதான் என்றும், அதே சமயம் அவள் நாளையே காரை எடுக்க வேண்டும் என்றும் இரண்டையும் சேர்த்து எழுது. இரண்டும் எப்படிச் சேரும் என்று என்னைக் கேட்காதே, நர்ஸாக இருந்தவள் நீ, உனக்குத் தோன்றும். நான் எழுதச் சொன்னதாக மட்டும் மூச்சு விடாதே.

அத்தானுக்கு என் வணக்கத்தைக் காது மெஷினைப் போட்டுவிட்டுச் சொல். பிள்ளைகளுக்கு என் அன்பு. எனக்கு எப்போதும் போல உன் ஆசியும், வழக்கத்துக்கு மேல் கொஞ்சம் புத்தியும் வேண்டும்.

உன் அன்புத் தம்பி.

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் செய்யாதே. தபால்தலை ஒட்டப் போகும்போது, எந்த விபத்திலும் நான் முதலில் கேட்கிற கேள்வி பழக்கதோஷத்தில் வந்துவிட்டது: அடிபட்டது யார், எதனால்? க்ரீம் வெளியே இருந்தவரை நம் வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பூட்டிய பிறகுதான் மாஸ்டருக்கு அடிபட்டது. பூட்டியது நான். அட்டையைப் பிய்த்துப் போட்டுவிட்டு இரண்டு சாவியையும் அவள் கையில் கொடுத்து, “பயந்துட்டேன்” என்றேன். “தெரியும். அதை முதல்லயே சொல்றதுக்கென்ன?” என்றாள். இது நடந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது, கடிதம் என் சட்டைப் பையிலேயே கிடந்து கசங்கிவிட்டது. இப்போது எழுத்து கோணல்மாணலாக இருக்கிறதே என்று பார்க்காதே, காரில் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் வீட்டுக்குத்தான் வந்துகொண்டிருக்கிறோம், மாஸ்டர்தான் ஓட்டுகிறாள். இதை உன் கையில் நானே கொடுப்பேன், படிக்கும்போது முகத்தை வைத்துக்கொள்வதில் கவனமாக இரு. மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவதாகச் சொன்னோம், கொஞ்சம் தாமதமாகும். காலையிலிருந்து வழியில் நாலு தடவை வண்டியை நிறுத்தியாயிற்று. நாலும் எனக்காக.