அண்ணன் கை

2004 ஆவணியில், ஒரு திங்கட்கிழமை காலை, உலகப் பட்டு வர்த்தகம் ஸ்தம்பித்தது. ஆரணி கமலக்கண்ணனின் வெப்சைட் காணாமல் போயிற்று. உலகம் இதைக் கவனிக்கவில்லை என்றால் அது உலகத்தின் குறை.

போன வாரம்தான் சென்னைக் கண்காட்சியில் ஒரு பெங்களூர் வியாபாரி, தீபாவளிக்கு இருநூறு புடவை வேண்டும், சைட்டைப் பார்த்துவிட்டுப் பேசுகிறேன் என்று கார்டு வாங்கிப் போயிருந்தார். கார்டில் வெப்சைட் முகவரி மட்டும்தான். போன் நம்பர் அச்சடிப்பது பிற்போக்கு என்பது கமலக்கண்ணனின் 'கொள்கை'. "புடவையைத் தொட்டுப் பாக்காம எவன்டா வாங்குவான்?" என்று கேட்ட அண்ணன் சந்திரமோகனிடமிருந்து அவர் பாகம் பிரிந்து வந்ததும் இதே வெப்சைட் கொள்கைக்காகத்தான்.

பிரௌசிங் சென்டர் வைத்திருக்கும் 'நிபுணர்' சுதாகர் ஒரு சிடியோடு வந்தார்.

"பேஜாராவாதீங்க சார். பேக்கப் இருக்குது."

"எப்ப எடுத்தது?"

"நீங்களும் பெரியவரும் ஒண்ணா இருந்தப்போ."

சிடி சுழன்றது. முதலில் தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக வந்தது.

"என்னய்யா இது?"

"கட்டம் போட்ட டிசைன்னு நெனைச்சுக்கோங்க சார். ஃபான்ட் போட்டா சரியாயிடும்."

சரியானது. அடுத்து வந்தது முகப்புப் படம். கடை வாசலில் கமலக்கண்ணன். பக்கத்தில் அவர் தோளில் கை போட்டபடி அண்ணன்.

"அவரைத் தூக்குய்யா, ஜல்தி!"

சுதாகர் அண்ணனைத் தூக்கினார். கை மட்டும் தோளிலேயே கிடந்தது.

"அதையும் எடு."

"எடுத்தா உங்க தோளும் கூடவே வருதுங்க."

டீ கொண்டுவந்த மனைவி திலகவதி எட்டிப் பார்த்தாள். "இருந்துட்டுப் போவட்டுமே. உங்களைத் தட்டிக் குடுக்க வேற யாரு இருக்காங்க?"

இது அவைக்குறிப்பில் ஏறவில்லை. நீண்ட ஆலோசனைக்குப் பின், கையை ஒரு ஜரிகை அங்கவஸ்திரத்தால் மூடுவதென்று கமலக்கண்ணன் ஏகமனதாகத் தீர்மானித்தார். மாலைக்குள் சைட் உயிர்த்தெழுந்தது. மானிட்டருக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டார்கள்.

அந்த வாரம் முழுக்க அவர் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அது வாய் திறக்கவில்லை. சனிக்கிழமை அண்ணன் வந்தார், கையில் ஸ்வீட் பாக்ஸோடு.

"தம்பி, நான் அன்னைக்குச் சொன்னது தப்புடா. பெங்களூர்லேர்ந்து ஒருத்தர், கம்ப்யூட்டர்ல பார்த்தேன்னு போன் பண்ணாரு. நேத்து நேரா கடைக்கு வந்து இருநூறு புடவை எடுத்துகினு போயிட்டாரு."

கமலக்கண்ணன் திரையிடம் ஓடினார். படத்துக்குக் கீழே, கொட்டை எழுத்தில், பழைய கடையின் போன் நம்பர். பாகப்பிரிவினையில் அது அண்ணன் பங்குக்குப் போனது. பிரிந்தபின் அவர் போட்ட புது நம்பர், காணாமல் போன சைட்டோடு போய்விட்டது. கையை ஒழித்துக்கட்டும் மும்முரத்தில் நம்பரை ஒருத்தரும் பார்க்கவில்லை.

அண்ணன் கண்ணைச் சுருக்கித் திரையைப் பார்த்தார். "தோள்ல என்னடா, வீங்கிகினு இருக்குது?"

கமலக்கண்ணன் மானிட்டரை அணைத்தார்.

அந்த வெப்சைட் தொடங்கி மூன்று வருஷம் ஆகிறது. அதைப் பார்த்துப் புடவை வாங்கியவர் அந்த பெங்களூர்க்காரர் ஒருவர்தான்.