சரோஜினி நகர் நாய்களுக்குப் பூவும் பொட்டும்

வீட்டு நாயைப் போட்டோ எடுத்து வைக்க வேண்டும் என்கிற ஞானம், அது செத்துப்போன மறுநாள்தான் வரும். எங்கள் மிளகு விஷயத்தில் எனக்கு அப்படித்தான் வந்தது. டெல்லி சரோஜினி நகர் கவர்ன்மென்ட் குவார்ட்டர்ஸில், என்னோடு சேர்ந்து வளர்ந்தவள் அவள். (நாயை 'அவள்' என்பதைப் பொறுக்க முடியாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.) கறுப்பு உடம்பு, நெஞ்சில் மட்டும் வெள்ளை. டெல்லியில் பிறந்தும் ரொட்டியைத் திரும்பிப் பார்க்காமல் மோர்சாதத்துக்கே உயிரை விட்டவள். அவளுக்கென்று இருந்த ஒரே போட்டோ, அக்கா நிச்சயதார்த்தத்தில் அத்தையின் பட்டுப்புடவைக்குப் பின்னாலிருந்து நீட்டிக்கொண்டிருந்த வால். மார்க்கெட் ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிதாக்கச் சொன்னேன். பெரிய வால் கிடைத்தது.

அவள் அடிவயிற்றில் ஒரு கட்டி வந்தது. பட்டாணி அளவுதான் இருந்தது. அம்மா மஞ்சள் பத்துப் போட்டாள். பட்டாணி நெல்லிக்காயாகி, நெல்லிக்காய் எலுமிச்சையாகி, அதன் பிறகுதான் கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். டாக்டர் கேன்சர் என்றதும் அப்பா அவரை நம்பாமல் பார்த்தார். அப்பாவுக்குத் தெரிந்து கேன்சர் சிகரெட் பிடிக்கிற மனிதர்களுக்கு வருவது. மிளகுக்குக் கெட்ட பழக்கமே கிடையாது. சின்னதாக இருந்தபோதே கொண்டுவந்திருந்தால் வெட்டி எடுத்திருக்கலாமே என்றார் டாக்டர். அவர் ஹிந்தியில் சொன்னதால் அந்த வாக்கியம் இன்றும் எனக்கு ஹிந்தியில்தான் காதில் விழுகிறது.

அப்போது எனக்குக் காலேஜில் படிக்கிற வயது. உலகத்தைத் திருத்தலாம் என்று நம்புகிற வயதும் அதுதான். காலனியில் நாய் வைத்திருக்கிற அத்தனை பேரையும் அதன் வயிற்றைத் தடவிப் பார்க்க வைப்பது என்று முடிவு செய்தேன். இன்னொரு மிளகு போகக் கூடாது, அவ்வளவுதான் என் ஆசை. வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். எல்லோரும் டீ கொடுத்தார்கள், ஒருவரும் காது கொடுக்கவில்லை. மாடி வீட்டு சோப்ரா ஆன்ட்டி, தன் பாமரேனியன் ராணியின் காதுகளைப் பொத்திக்கொண்டு, குழந்தை முன்னால் இப்படியெல்லாம் பேசாதே என்று என்னை அனுப்பிவிட்டார்.

சரி, நோய் என்றால்தானே வர மாட்டார்கள், போட்டோ என்றால்? மாமாவிடம் காமிராவை இரவல் வாங்கினேன். நாய்களுக்கு இலவசப் போட்டோ, பெரிதாக்கிய படத்தை கம்யூனிட்டி ஹாலில் நான் வைக்கப்போகும் கண்காட்சிக்கு வந்துதான் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று அறிவித்தேன். வந்தவர்களைப் பிடித்துவைத்துக் கட்டி விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்பது திட்டம். காலனியே திரண்டு வந்தது. ராணி முத்துமாலை போட்டுக்கொண்டு வந்தாள். ரிட்டயர்டு மேஜர் ஒருவரின் ஷேரு, மேஜரின் எந்தக் கட்டளைக்கும் உட்காராமல் லென்ஸை நக்கியது.

கண்காட்சிக்கு தசரா லீவைத் தேர்ந்தெடுத்தேன். அங்கேதான் சனி பிடித்தது. முந்தின நாள் எங்களுக்கு ஆயுத பூஜை. எங்கள் வீட்டில் அன்றைக்கு உழைக்கிற சாமான் ஒன்றும் தப்பாது. அப்பாவின் சைக்கிள், அம்மாவின் தையல் மெஷின், அரிவாள்மணை எல்லாம் சந்தனம் குங்குமத்தோடு உட்கார்ந்திருக்கும். உன் தொழிலுக்கு எதை வைக்கிறாய் என்று அம்மா கேட்டாள். காமிராவையும், அட்டையில் ஒட்டித் தயாராக இருந்த போட்டோக்கள் முழுவதையும் கொண்டுபோய் வைத்தேன். அம்மா எதிலும் குறை வைக்கிறவள் இல்லை. ஒவ்வொரு நாயின் நெற்றியிலும் பொட்டு, ஒவ்வொரு படத்துக்கும் கேந்திப்பூச் சரம். நெற்றி இல்லாத மிளகுக்கு வால் நுனியில் பொட்டு.

மறுநாள் காலை ஹாலுக்குக் கிளம்பும்போது பூவை எடுக்கப் போனேன். அம்மா திருநெல்வேலிக்காரி.

"பூசையில வச்ச பூவப் பிய்க்காதல. அதுவா வாடி விழட்டும்," என்றாள்.

எனக்கும் பார்க்க லட்சணமாகத்தான் பட்டது. (அழகுணர்ச்சி எனக்கு அந்த அளவில்தான் இருந்தது.) அப்படியே கொண்டுபோய் வரிசையாக மாட்டினேன். மேலே ஒரு நீளத் துணியில், 'நாய்களுக்கும் கேன்சர் வரும்' என்று ஹிந்தியில் கொட்டை எழுத்து. முந்தின ராத்திரி அங்கே நடந்த யாரோ வீட்டு விருந்தின் வாடை போகவில்லை என்று நாலு ஊதுபத்தி வேறு கொளுத்தி வைத்தேன்.

படத்துக்குப் பொட்டும் பூவும் வைத்து ஊதுபத்தி ஏற்றினால் என்ன அர்த்தம் என்று நமக்கும் தெரியும். ஆனால் ஆயுத பூஜை மறுநாள் தமிழன் மூளையில் அது ஏறாது. பஸ் ஸ்டியரிங்குக்கே பொட்டு வைத்துப் பழகியவர்கள் நாம்.

முதலில் வந்தவர் மேஜர். சுவரில் ஷேருவைப் பார்த்தார். கயிற்றில் நின்றிருந்த ஷேருவைப் பார்த்தார். மறுபடி சுவரைப் பார்த்துவிட்டு, குனிந்து அதன் மூக்கின் முன்னால் விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்தார். நாயைக் கூடவே கொண்டுவந்தவர்களுக்கு அந்த வசதி இருந்தது. வீட்டில் விட்டுவிட்டு வந்தவர்கள்தான் அழ ஆரம்பித்தார்கள்.

சோப்ரா ஆன்ட்டி வாசலிலேயே நின்றுவிட்டார். பொட்டோடும் பூவோடும் முத்துமாலையோடும் ராணி சுவரில் இருந்தாள்.

"ஹாய் மேரி ராணி, சுபஹ் தோ பராட்டா காயா தா உஸ்னே."

காலையில்கூட பராட்டா சாப்பிட்டாளே என்று சொல்லிக்கொண்டே, செருப்பைக்கூட மாட்டாமல் வீட்டுக்கு ஓடினார். மற்றவர்கள் என்னைச் சூழ்ந்துகொண்டு, உயிரோடு இருக்கிற நாய்க்கு எதற்கடா இதெல்லாம் என்று கேட்டார்கள். இது பூஜை, இவையெல்லாம் என் ஆயுதங்கள் என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் விளக்கினேன். நிலைமை மோசமானது. அப்பா, என்னை முன்பின் பார்த்திராதவர் போல மெதுவாக வெளியேறி டீக்கடைப் பக்கம் போய்விட்டார். அன்று சாயங்காலம் ராவணனை எரிப்பதற்கு முன்னால் என்னை வைத்து ஒத்திகை பார்த்துவிடுவார்கள் என்றே தோன்றியது.

ஆன்ட்டி திரும்பி வந்தார், ராணியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. நேராக என்னிடம் வந்து என் கையைப் பிடித்து இழுத்து, அதன் வயிற்றில் வைத்து அழுத்தினார். தொட்டுப் பார், எங்கே இருக்கிறது கேன்சர், காட்டு என்றார்.

என் விரலுக்கு அது உடனே தெரிந்துவிட்டது. தோலுக்கு அடியில், ஒரு பட்டாணி. இல்லை ஆன்ட்டி என்று சொல்லிவிட்டுக் கையை எடுத்திருந்தால் அன்று உதை இல்லாமல் தப்பித்திருப்பேன். எனக்கு வாய் வரவில்லை. விரலை அங்கிருந்து எடுக்கவும் முடியவில்லை.

"ஆன்ட்டி, யஹாங்," இங்கேதான் என்றேன்.

பளாரென்று ஓர் அறை விழுந்தது. பிறகு என் விரல் இருந்த இடத்தில் தன் விரலை வைத்துப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மேஜர்தான் முதலில் ஷேருவை மல்லாத்திப் போட்டார். கொஞ்ச நேரத்தில் வந்திருந்த நாய்கள் எல்லாம் நாலு காலும் மேலே தெரியக் கிடந்தன.

லீவு முடிந்ததும் ராணியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கட்டியை எடுத்தார்கள். நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்று அதே டாக்டர் சொன்னார். தையல் பிரித்த அன்று அவள் மாடிப்படியில் குதித்துக் குதித்து ஏறியதைப் பார்த்தேன். சந்தோஷமாக இருந்தது என்றுதான் எழுத வேண்டும். எனக்குப் பொறாமையாக இருந்தது. எனக்கு மிளகு வேண்டியிருந்தது. கீழ்ப்படியில் உட்கார்ந்து அழுதேன். ஆன்ட்டி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

ராணி அதற்கப்புறம் பல வருஷம் இருந்தாள், என்னைக் கண்டால் குரைக்காமல் விட்டதில்லை. ஆன்ட்டி என் கல்யாணத்துக்கு வந்து, பெண் வீட்டாரிடம் தான் என்னை அறைந்த கதையைத்தான் முதலில் சொன்னார். என் மனைவி அன்றிலிருந்து அதை விடவில்லை. பேரன் பேத்தி வரை இறங்கிவிட்டது. எந்த வீட்டுக்குப் போனாலும் அங்குள்ள நாய் வந்து காலடியில் படுக்கும். என் கை தானாக அதன் வயிற்றுப் பக்கம் போகும். உடனே பிள்ளைகள், "தாத்தா செக்கப் ஆரம்பிச்சாச்சு," என்று சிரிப்பார்கள்.

"சும்மா தடவவே தெரியாதா உங்களுக்கு?" என்பாள் மனைவி.

தெரியும். மிளகை அப்படித்தான் தடவினேன்.