கவுன்சிலிங்கில் கிடைத்த சீட்

காரைக்காலில் வைத்தியத்துக்குப் பஞ்சம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. பல்லுக்கு டாக்டர் உண்டு, முட்டிக்கு உண்டு, சர்க்கரைக்குத் தெருவுக்கு ஒருவர் உண்டு. மனக்கவலைக்கு மட்டும் மருந்து இல்லை என்று சொன்னால் அது ஊர்மேல் போடும் அபாண்டம். அந்த வைத்தியசாலைகள் வாஞ்சூர் எல்லையில் வரிசையாகவே இருக்கின்றன. பக்கத்து மாநிலத்து ஜனங்கள் பஸ் பிடித்து வந்து, நின்ற நிலையில் மருந்தைச் சாப்பிட்டுவிட்டு, கவலை தீர்ந்து சாலையோரத்திலேயே படுத்துக்கொள்கிறார்கள்.

அந்த மருந்து ஒத்துக்கொள்ளாத மனிதர் ஒருவர் நெரவியில் இருந்தார். பெயர் தியாகராசன். அரசு அலுவலகம் ஒன்றில் மேல்நிலை எழுத்தர். எந்த இலாகா என்று சொன்னால் மற்ற இலாகாக்காரர்கள் தங்களை விட்டுவிட்டதாக வருத்தப்படுவார்கள். அதனால் சொல்லவில்லை.

அவருக்குத் தூக்கம் போய்விட்டது. ராத்திரி வரவில்லை என்பதைக் கூடப் பொறுத்துக்கொண்டார். பகலில் ஆபீசில் உட்கார்ந்தும் வரவில்லை என்றபோதுதான் பயந்துபோனார். சோறு வைக்கோலாக இருந்தது. டிவியில் சோப்பு விளம்பரம் பார்த்து அழுதார். ஒருநாள் சாயங்காலம் வீடு திரும்பும்போது அரசலாற்றுப் பாலத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். ஏன் நின்றார் என்று அவருக்கே தெரியவில்லை. தெரிந்தவர்கள் பலர் அந்த வழியாகப் போனார்கள். ஒவ்வொருவரும் வண்டியை மெதுவாக்கி, "என்ன சார், காத்து வாங்குறீங்களா?" என்று அன்பாகக் கேட்டுவிட்டுப் போனார்கள். "ஆமா" என்றார் தியாகராசன்.

மறுநாள் தன் சர்க்கரை டாக்டரிடம் போனார். அவர் ரத்தம், ஈசிஜி எல்லாம் எடுத்துப் பார்த்தார்.

"உடம்பு கல்லு மாதிரி இருக்கு சார். இது மனசு சம்பந்தப்பட்டது. நல்ல மனநல டாக்டரா ஒருத்தரப் பாருங்க. கவுன்சிலிங் போனா சரியாயிடும்."

"இங்க நல்ல டாக்டர் யாருங்க இருக்காங்க?"

"பாண்டிச்சேரி போங்க."

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. பாண்டிச்சேரி எங்களுக்குத் தலைநகரம். அங்கே போக வேண்டுமானால் இன்னொரு மாநிலத்துக்குள் புகுந்து அரைநாள் பஸ்ஸில் குலுங்க வேண்டும். பிறப்பிலிருந்து பென்ஷன் வரை எங்களுக்கு எது வேண்டுமென்றாலும் அது பாண்டிச்சேரியில்தான் இருக்கும். எது வேண்டாமோ அது இங்கேயே கிடைக்கும்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் அவர் மனைவி அல்லி எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள்.

"என்னங்க, வெளில வாய விட்றாதீங்க. பைத்தியம்னு கதை கட்டிருவாங்க. நம்ம பொண்ணு நிலாவுக்கு வரன் பாக்கணும்ல."

"சொல்லாம எப்படிடீ டாக்டரக் கண்டுபுடிக்கிறது?"

"கவுன்சிலிங்னு சொல்லுங்க. கௌரவமா இருக்கும்."

அல்லி சொன்னது நல்ல யோசனைதான். மாதம்தான் சரியில்லை. அது ஜூன். பிளஸ் டூ ரிசல்ட் வந்து, பிள்ளை பெற்றவர்கள் எல்லாரும் சான்றிதழ் நகல்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அலையும் மாதம். அந்த மாதத்தில் எங்கள் ஊரில் கவுன்சிலிங் என்றால் அர்த்தம் ஒன்றே ஒன்றுதான்: காலேஜ் சீட்.

தியாகராசன் தன் ஆபீஸ் கண்காணிப்பாளர் சௌந்தரவல்லியிடம் போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"மேடம், கவுன்சிலிங் விஷயமா யாரையாச்சும் தெரியுங்களா?"

"கட் ஆஃப் எவ்ளோ?"

"கட் ஆஃப்லாம் இல்ல மேடம். தூக்கந்தான் இல்ல."

"எப்படி வரும்? எம் பையனுக்கு அலைஞ்சப்ப நானும் ஒரு மாசம் தூங்கல. நிலாவுக்கு மேற்கொண்டு எந்தக் கோர்ஸ்?"

"நிலாவுக்கு இல்ல மேடம். எனக்கு."

சௌந்தரவல்லி கண்ணாடியைக் கழற்றினார். "உங்களுக்கா? இந்த வயசுலயா? என்ன கோர்ஸ் சார்?"

தியாகராசன் சுற்றுமுற்றும் பார்த்தார். "மனசு சம்பந்தப்பட்டது."

"சைக்காலஜி. ஒரு வார்த்த சொல்லவே இல்ல பாருங்களேன்."

ஒரு ஃபைலை இந்த மேசையிலிருந்து அந்த மேசைக்குத் தள்ள மூன்று மாதம் எடுத்துக்கொள்ளும் அந்த அலுவலகம், இந்தச் செய்தியைச் சாப்பாட்டு வேளைக்குள் மூன்று மாடிக்கும் சேர்த்துவிட்டது. ரிட்டயர் ஆகப் போகிற வயதில் மனநலம் படிக்கப் போகிறார் என்று யாரோ லட்டு வாங்கி வந்தார்கள். லட்டை வாயில் போட்டதும் தியாகராசனுக்கு அழுகை வந்துவிட்டது. ஆனந்தக் கண்ணீர் என்று எல்லாரும் கை தட்டினார்கள்.

சரி, இந்த ஊரில் வேண்டாம் என்று வாஞ்சூரைத் தாண்டிப் போனார். அந்தப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் மனநல டாக்டர் உட்காருகிறார் என்று கேள்வி. டாக்டர் உட்கார்ந்துதான் இருந்தார். கதவிடுக்கு வழியாக அவருடைய செருப்பு தெரிந்தது. ஆனால் அந்தச் செருப்புக்கும் தியாகராசனுக்கும் நடுவில் சீட்டு எழுதுகிறவர் இருந்தார்.

"ஆதார் குடுங்க. காரைக்காலா? அப்ப நீங்க வெளிமாநிலம்."

"வண்டியில இப்பதாங்க ஏறுனேன், வந்து சேந்துட்டேன்."

"எவ்ளோ நேரத்துல வந்தீங்கங்கறது கணக்கில்ல சார். எங்கேருந்து வந்தீங்கங்கறதுதான் கணக்கு. உங்க ஊர்க்காரங்கள உங்க ஊர்லதான் பாக்கணும்."

"எங்க ஊர்ல டாக்டர் இல்லிங்க."

"அதுக்குத்தான் பாண்டிச்சேரி இருக்குல்ல."

திரும்பி வரும்போது வாஞ்சூரில் நல்ல கூட்டம். அந்த ஆஸ்பத்திரி ஊர்க்காரர்கள்தான் பாதிப் பேர். எங்கள் பக்கத்து வைத்தியர்கள் ஒருவரிடமும் ஆதார் கேட்கவில்லை. கவலைக்கு ஏது மாநிலம் என்ற பெரிய மனசு அவர்களுக்கு.

கடைசியில் ஒரு விளம்பரத்தைப் பார்த்துவிட்டு பீச் ரோட்டில் கேக் கடை மாடியில் இருந்த 'மைண்ட் ஹீலிங் ஸ்டுடியோ'வுக்குப் போனார். நடத்துகிறவள் காவ்யா என்ற பெண். போன வருஷம் வரை மணப்பெண் அலங்காரம் செய்துகொண்டிருந்தாள். செல்போனிலேயே ஏதோ கோர்ஸ் முடித்து, இப்போது மன அலங்காரத்துக்கு மாறியிருந்தாள். ணகரத்தில் ஒரு சுழி குறைந்ததே தவிர, கண்ணாடியும் விளக்கும் பழையவையே.

"ரிலாக்ஸா உக்காருங்க அங்கிள். இது உங்க ஸ்பேஸ்."

தியாகராசன் அவளுக்கும் இடம் வேண்டுமே என்று கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"கண்ண மூடுங்க. ஒரு சின்னக் குழந்தை அழுவுது. கேக்குதா?"

"கேக்குதும்மா. கீழ கேக் கடையில."

"இல்ல அங்கிள். உங்களுக்குள்ள. உங்க இன்னர் சைல்டு."

"எனக்கு ஒரே பொண்ணுதாம்மா. ஹாஸ்டல்ல இருக்கு."

காவ்யா மூச்சை உள்ளிழுத்து மெதுவாக விட்டாள். "உங்களச் சுத்தி டாக்ஸிக்கான ஆளுங்க இருக்காங்க. அவங்கள லைஃப்லேருந்து கட் பண்ணிருங்க."

"ஆபீச முழுசா கட் பண்ணணும். சம்பளம்?"

"சம்பளம் வெளியில இருக்கு அங்கிள். நிம்மதி உள்ள இருக்கு. இப்ப ஒரு ரீல் எடுத்துக்கலாமா? உங்க ஹீலிங் பயணம்னு போட்டுடுறேன்."

அல்லி சாத்திய ஜன்னல் ஞாபகத்துக்கு வந்தது. தியாகராசன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மாடிப்படி இறங்கினார். அவர் பெரிதாக எதையும் கேட்கவில்லை. எதிரில் ஒரு மனுஷர் உட்கார்ந்து, "என்ன செய்யுது?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை சும்மா இருந்தால் போதும். அதற்கு ஓர் ஆள் இத்தனை பெரிய ஊரில் கிடைக்கவில்லை என்பதை நினைத்து வழியெல்லாம் மனம் வெதும்பினார்.

இந்தச் சமயத்தில் பாண்டிச்சேரியிலிருந்து ஓர் ஆணை வந்தது. 'பணியாளர் மற்றும் பொதுமக்கள் மன அமைதி மேம்பாட்டு ஒருங்கிணைந்த செயல்திட்டம்' என்று பெயர். பெயரை ஒரே மூச்சில் வாசித்து முடித்தவருக்கு அதற்கப்புறம் மன அமைதி தேவைப்படும். காரைக்காலுக்கு ஒரு கவுன்சிலரை உடனே நியமிக்க வேண்டும், தவறினால் திட்டம் காலாவதி என்று இருந்தது. திட்டம் காலாவதியானால் திறப்பு விழாவும் காலாவதி. அதனால் துணை இயக்குநர் தியாகராசனைக் கூப்பிட்டார்.

"கவுன்சிலிங் போறீங்களாமே?"

இதற்கு மேல் மறைக்க முடியாது என்று தியாகராசன் உண்மையைக் கொட்டினார். "சார், அது படிப்பு இல்ல. எனக்குத்தான் சரியில்ல. தூக்கம் வரல. காரணமில்லாம அழுவுறேன். பாலத்துல போயி நிக்கிறேன். டாக்டரத் தேடி அலையுறேன், ஒருத்தரும் கிடைக்கல."

துணை இயக்குநர் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஆணையில் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார். "'துறையில் நேரடி அனுபவம் உள்ளவராக இருத்தல் விரும்பத்தக்கது.' படிச்சவங்க பாண்டிச்சேரியில நிறைய இருக்காங்க சார். அனுபவம் உள்ளவர் நீங்கதான்."

பழைய கோப்புகள் கிடந்த அறையை ஒழித்து, ஒரு சுழல் நாற்காலி போட்டார்கள். "கவுன்சிலிங்னு கேட்டீங்க, மொத ரவுண்டுலயே சீட் கெடச்சிருச்சு. எம் பையன் மூணு ரவுண்டு அலைஞ்சான்" என்று சௌந்தரவல்லி பெருமூச்சு விட்டார். ரிப்பன் வெட்டினார்கள், குத்துவிளக்கு ஏற்றினார்கள். எந்த விஷயம் ஜன்னலைத் தாண்டக் கூடாது என்று அல்லி பயந்தாளோ, அது கணவர் படத்தோடு பஸ் ஸ்டாண்டில் ஃப்ளெக்ஸாகத் தொங்கியது. அல்லி போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"படம் நல்லா வந்துருக்குங்க. வரன் வீட்டுக்காரங்க பாத்தா நல்லதுதான்."

அறை வாசலில் போர்டு மாட்டினார்கள். மேலே பெரிய எழுத்தில் 'தியாகராசன், கவுன்சிலர்'. கீழே கடுகு எழுத்தில் 'மன அமைதி மையம்'.

எங்கள் ஊரில் உள்ளாட்சித் தேர்தல் நடந்து பல காலம் ஆகிறது. கவுன்சிலர் என்ற ஜீவனைக் கண்ணால் காணாத பிள்ளைகள் வளர்ந்து ஓட்டுரிமையே வாங்கிவிட்டார்கள். அப்படிப்பட்ட ஊரில் திடீரென்று ஒரு கவுன்சிலர், அதுவும் ஃபேனுக்கு அடியில், அதுவும் ஆபீஸ் நேரத்தில் சீட்டில் இருக்கிறார் என்றால் சும்மா விடுவார்களா? மறுநாள் காலையில் வரிசை வாசலைத் தாண்டி நின்றது.

முதலில் வந்தது நெரவி குஞ்சம்மாள், தியாகராசன் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி மீன் விற்கிறவள். "எங்க தெரு சாக்கடை அடச்சிக்கிட்டு மூணு மாசமாவுது கவுன்சிலரே" என்றாள்.

"நான் அந்தக் கவுன்சிலர் இல்லிங்கம்மா. மனசுக்குக் கவுன்சிலர்."

"எங்க மனசெல்லாம் அந்தச் சாக்கடையிலதாங்க கெடக்குது."

இதற்கு என்ன பதில் என்று ஆணையில் இல்லை. துணை இயக்குநரிடம் ஓடினார். அவர் நீண்ட சர்வீஸின் சாரத்தைப் பிழிந்து கொடுத்தார்: "பொதுமக்கள யாரையும் திருப்பி அனுப்பிடக் கூடாது சார். வேற எடத்துக்கு அனுப்பிடணும்."

தியாகராசன் அப்படியே செய்தார். சாக்கடையைக் கொம்யூன் பஞ்சாயத்துக்கு அனுப்பினார். தெருவிளக்கை மின்துறைக்கு அனுப்பினார். ரேஷன் அரிசிக்குப் பதில் தரும் பணத்தை அடுத்த மாடிக்கு அனுப்பினார். எங்கே அனுப்புவது என்று தெரியாததைப் பாண்டிச்சேரிக்கு அனுப்பினார். நாள் ஆக ஆகக் கை பழகியது. ஆள் உட்காரும் முன்னாலேயே எங்கே அனுப்பலாம் என்று தெரிந்துபோனது. மதியம் சோற்றில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று கூட மறுபடி நாக்குக்குத் தெரிய ஆரம்பித்தது.

ஒருநாள் மாலை ஆபீஸ் முடிகிற நேரத்தில் பட்டினச்சேரியிலிருந்து மணிவேல் என்ற மீனவர் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை. நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"சாக்கடையா, தெருவிளக்கா?" என்றார் தியாகராசன்.

"ரெண்டும் இல்லிங்க. தூக்கம் வரல. கடலுக்குப் போனா வலையப் புடிச்சிக்கிட்டே அழுவுறன். கூட வர்றவங்க சிரிக்கிறாங்க. வீட்டுல சொன்னா பயப்படுவாங்க." வாசலைக் கைகாட்டிச் சொன்னார்: "போர்டுல கீழ மனசுன்னு போட்டிருந்துச்சு. படிச்சுட்டுத்தான் வந்தன்."

அந்தப் போர்டைக் கடைசிவரை படித்த ஒரே மனிதர் அவர்தான். இவர் சொல்வதில் தியாகராசனுக்குத் தெரியாதது ஒன்றுமே இல்லை. என்ன கேட்க வேண்டும் என்பதும் தெரியும். இரண்டே வார்த்தை. கேட்டுவிட்டு, சும்மா இருக்க வேண்டும், அவ்வளவுதான். வாயைத் திறந்தார்.

"பாண்டிச்சேரி போங்க."

வாய் அதற்குள் பழகியிருந்தது.

"எப்பங்க போவணும்?" என்று மணிவேல் மரியாதையாகக் கேட்டார்.

"ஒரு நல்ல நாளாப் பாத்து."

மணிவேல் எழுந்து, நாற்காலியை இருந்த இடத்திலேயே ஒழுங்காகத் தள்ளிவைத்துவிட்டு, கும்பிட்டுவிட்டுப் போனார்.

தியாகராசன் மேசையைப் பூட்டிக்கொண்டு கிளம்பினார். அரசலாற்றுப் பாலத்தில் ஏறும்போது, இஸ்திரி போட்ட சட்டை ஒன்று கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தது. தியாகராசனுக்கு அந்தச் சுவரின் சூடு கூட உள்ளங்கையில் ஞாபகம் இருந்தது. வண்டியை மெதுவாக்கினார். ஆபீஸ் நேரம் முடிந்துவிட்டது என்பதும் கூடவே ஞாபகத்துக்கு வந்தது.

"என்ன, காத்து வாங்குறீங்களா?" என்று அன்பாகக் கேட்டார்.

"ஆமாங்க" என்றார் மணிவேல்.

அன்றைக்கு ராத்திரி, எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு, தியாகராசன் அடித்துப் போட்டாற்போல் தூங்கினார். அல்லி குலதெய்வத்துக்கு முடிந்துவைத்திருந்த காணிக்கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மணிவேல் மறுபடி மையத்துக்கு வரவில்லை. பாண்டிச்சேரி போயிருப்பார் என்று தியாகராசன் நினைத்துக்கொண்டார்.

மாதக் கடைசியில், மையத்தால் இதுவரை குணமடைந்தோர் எத்தனை பேர் என்று பாண்டிச்சேரியிலிருந்து விவரம் கேட்டார்கள். தியாகராசன் 'ஒருவர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவர் சர்வீஸில் அனுப்பிய புள்ளிவிவரங்களிலேயே உண்மையானது அது ஒன்றுதான்.