மார்க் குறைந்தால் பிரிக்கவும்

நான் ஒரு நல்ல அப்பா என்று பதினோரு வாரங்கள் முழுதாக நம்பிக்கொண்டிருந்தேன். நம்பியதோடு நிறுத்தியிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது. ஊரைக் கூட்டி, மைக் பிடித்து வேறு சொன்னேன்.

என் மூத்த மகள், ஒரே மகளும் அவள்தான், கயல்விழிக்குப் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தது. நாங்கள் இருப்பது ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் ரோட்டில் ஒரு அடுக்குமாடி வீட்டின் இரண்டாவது மாடியில். கல்லூரி இருப்பது திருச்சியிலேயே, புதுக்கோட்டை போகும் வழியில். இரண்டு டவுன் பஸ் மாறினால் ஒன்றேகால் மணி நேரம். ஆனால் முதல் வருடம் எல்லோரும் ஹாஸ்டலில்தான் தங்க வேண்டும் என்பது அந்தக் கல்லூரியின் சட்டம். காவிரிப் பாலத்தைத் தாண்டி அனுப்புவதற்கு நான் செய்த ஏற்பாடுகளைப் பார்த்துவிட்டுக் கீழ் வீட்டுக்காரர், "எந்த நாட்டுக்கு சார் போகுது பாப்பா?" என்று கேட்டார். அவர் கிண்டல் செய்கிறார் என்பது எனக்கு மறுநாள்தான் உறைத்தது.

அந்தச் சமயத்தில் எங்கள் ஸ்டாஃப் ரூமில் யாரோ ஒரு வீடியோ காட்டினார்கள். வெளிநாட்டில் ஒரு அம்மா, கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு ஒரு பெட்டி கட்டித் தருகிறாள். உள்ளே சின்னச் சின்னப் பொட்டலங்கள். ஒவ்வொன்றின் மேலும் எப்போது பிரிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. நான் பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் எடுப்பவன். எதையும் தலைப்பு வாரியாகப் பிரித்துக் கொடுத்தால் போதும், எனக்குப் புல்லரித்துவிடும். மிக்ஸி வந்த அட்டைப்பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி, ஒன்பது பழுப்புக் கவர்களோடு உட்கார்ந்தேன்.

'காய்ச்சல் வந்தால் பிரிக்கவும்' என்ற கவரில் தெர்மாமீட்டர், மாத்திரை, நிலவேம்புப் பொடி. 'துணி கிழிந்தால்' என்பதில் ஊசியும் எட்டு நிற நூலும். 'தோழியோடு சண்டை வந்தால்' என்பதில் இரண்டு கடலை மிட்டாய், ஒன்று அவளுக்கு, ஒன்று இவளுக்கு. (இதில் மட்டும் நான் இன்றும் பெருமைப்படுகிறேன். விட்டுத்தர மாட்டேன்.) 'வீட்டு நினைப்பு வந்தால்' என்பதில் ஒரு குடும்பப் படம். அதில் என் மனைவி கண்ணை மூடியிருந்தாள், கயல் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நன்றாக விழுந்திருந்ததால் அதையே வைத்தேன்.

என் மனைவி மேகலா தபால் ஆபீஸில் பார்சல் கவுன்டரில் இருப்பவள். பொட்டலங்களைப் பொறுத்தவரை அவள் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. ஒவ்வொரு கவராக எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"உள்ள என்ன இருக்குன்னு மேல எழுதுவாங்க. எப்பப் பிரிக்கணும்னு நீங்க ஏங்க எழுதறீங்க? அவளுக்குத் தெரியாதா?"

"அதுதான் இதுல விசேஷமே."

"சரி, இந்த 'மார்க் குறைந்தால்' கவர்ல என்ன?"

"அது சர்ப்ரைஸ்."

"எனக்கு எதுக்குங்க சர்ப்ரைஸ்? எனக்கா மார்க் குறையப்போவுது?"

நான் காட்டவில்லை. காட்டியிருந்தால் அங்கேயே கிழித்துப் போட்டிருப்பாள். மூன்று நாள் யோசித்து வைத்த கவர் அது. மார்க் குறைந்து மனம் உடைந்திருக்கும் பிள்ளைக்கு என்ன வேண்டும்? தன் திறமை மேல் நம்பிக்கை வேண்டும். ஆகவே, கயலின் பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட்டை, அறுநூற்றுக்கு ஐந்நூற்று எழுபத்து நான்கு, கலர் ஜெராக்ஸ் எடுத்தேன். லேமினேஷன் செய்தேன். அதன் கீழே ஸ்கெட்ச் பேனாவால் கொட்டை எழுத்தில் ஒரு வரி எழுதினேன்: 'இது யார் வாங்கிய மார்க்?'

அவள் அதைப் பார்ப்பாள், 'நான்தான்!' என்று நிமிர்ந்து உட்கார்வாள், புத்தகத்தை எடுப்பாள். என் மனக்கண்ணில் அந்தக் காட்சி அவ்வளவு தெளிவாக ஓடியது. அந்த வரியை வாய்விட்டு ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை. இருபத்தாறு வருடமாக வகுப்பில் நான் கேள்வி கேட்கிற தொனி எப்படி இருக்கும் என்று என் மாணவர்களைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.

கயல் ஹாஸ்டலுக்குப் போனாள். சனிக்கிழமை மாலை வருவாள், ஞாயிறு மாலை திரும்புவாள். கடலை மிட்டாய்க் கவரை இரண்டாவது வாரமே பிரித்துவிட்டதாகச் சொல்லிச் சிரித்தாள். எட்டாவது வாரத்தோடு வருவது நின்றது. போன் செய்தால், "படிக்கணும்ப்பா. அடுத்த வாரம் பாக்கலாம்." அடுத்த வாரமும் அதேதான்.

"ஏதோ சரியில்லைங்க. குரலே ஒரு மாதிரி இருக்கு," என்றாள் மேகலா.

"படிக்கிற புள்ளைக்குக் குரல் அப்படித்தான் இருக்கும்," என்றேன். (இந்த மருத்துவக் கண்டுபிடிப்பை எங்கே பிடித்தேன் என்று தெரியவில்லை.) மாதத் தேர்வில் மார்க் குறைந்திருக்கும், கவரைப் பிரித்திருப்பாள், கவர் தன் வேலையைச் செய்துவிட்டது என்று நானே முடிவு செய்துகொண்டேன். ஸ்டாஃப் ரூமில் எல்லோரிடமும் சொன்னேன். அது தலைமையாசிரியர் காதுக்கும் போனது. அந்த வாரம் நடந்த பிளஸ் டூ பெற்றோர் கூட்டத்தில், பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பும்போது என்ன செய்ய வேண்டும் என்று பேச என்னையே நிறுத்திவிட்டார்.

இருநூறு பெற்றோர் இருப்பார்கள். ஒன்பது கவர்களையும் ஒவ்வொன்றாக விளக்கினேன். கடலை மிட்டாய்க்குச் சிரித்தார்கள். லேமினேஷன் செய்த மார்க் ஷீட்டைக் கடைசியாக வைத்துக்கொண்டேன். அதைச் சொல்லி முடித்துவிட்டுக் கைதட்டலுக்காகச் சற்று இடைவெளிகூட விட்டேன்.

கடைசி வரிசையில் ஒரு அம்மா எழுந்தார். முசிறியிலிருந்து வந்தவர், வாழைக்காய் மண்டியில் வேலை செய்பவர் என்பது பிறகு தெரிந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதோ என்னவோ, கையில் பையை எடுத்துக்கொண்டே நின்றார்.

"சார், ஒண்ணு கேக்கலாங்களா? மார்க்கு கொறஞ்சு போச்சேன்னு அழுதுகிட்டு இருக்குற புள்ளைக்கு, நல்லா வாங்குன மார்க்கக் காட்டுனா இன்னும் அழுவாதுங்களா?"

நான் பெருந்தன்மையாகச் சிரித்தேன். "அப்படி இல்லம்மா. எம் பொண்ணு அழல. மூணு வாரமா வீட்டுக்குக்கூட வராம படிச்சுக்கிட்டு இருக்கா."

அந்த அம்மா கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமான கவலையோடுதான் கேட்டார்.

"மூணு வாரமா வீட்டுக்கு வரலீங்களா?"

இருநூறு பேரும் என்னைப் பார்த்தார்கள். இவ்வளவு பெரிய உண்மை புரிய எனக்கு மைக்கும் மேடையும் தேவைப்பட்டிருக்கிறது. "நன்றி, வணக்கம்," என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

சைக்கிள் ஸ்டாண்டில் நின்று கயலுக்குப் போன் செய்தேன்.

"அந்த மார்க் கவரப் பிரிச்சியாம்மா?"

"பிரிச்சேன்ப்பா."

"பாத்துட்டு என்ன நெனச்சே?"

"நீங்க என்ன நெனச்சு எழுதினீங்களோ அதைத்தான்."

"நான் அப்படி நெனச்சு எழுதலம்மா."

"க்ளாஸுக்கு நேரமாச்சுப்பா," என்று வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பினேன். போனவுடன் 'தப்புப் பண்ணிட்டேம்மா, மன்னிச்சுடு' என்று சொல்லிவிட வேண்டும். மூன்றே மூன்று வார்த்தை. மேகலா விடியற்காலையிலேயே எழுந்து சுட்ட முறுக்கும் தேங்காய்ப் பர்பியும் ஒரு பையில் போட்டுத் தந்தாள். அதன் மேல் எப்போது பிரிக்க வேண்டும் என்று எதுவும் எழுதவில்லை. பஸ் பாலத்தைத் தாண்டும்போதும் நான் அந்த மூன்று வார்த்தைகளை ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன்.

ஹாஸ்டல் பார்வையாளர் அறைக்கு முதலில் வந்தது கயலின் அறைத்தோழி ரோஸி. மருங்காபுரிப் பெண். வெளிப்படையாகப் பேசுவாள்.

"கயல் குளிக்கிறா அங்கிள், வந்துடுவா. நீங்கதான கவர் அங்கிள்? உங்க கவர எல்லாம் நாங்க நாலு பேரும் சேர்ந்துதான் பிரிப்போம். ஜாலியா இருக்கும்."

"அந்த மார்க் கவரும் சேர்ந்துதான் பிரிச்சீங்களா?"

ரோஸி தரையைப் பார்த்தாள். "ஆமா அங்கிள். மேக்ஸ்ல அம்பதுக்குப் பதினொண்ணு. காலையிலேருந்து சாப்பிடல. நாங்கதான், 'உங்க அப்பா இதுக்குன்னே ஒரு கவர் வச்சிருக்காருடி, பிரி'ன்னு சொன்னோம். உள்ள சாக்லேட் இருக்கும்னு நெனச்சோம் அங்கிள்."

"பாத்துட்டு என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. எங்க முன்னாடி பாத்துட்டா இல்ல, அதான். பாத்ரூமுக்குப் போயிட்டா. ரொம்ப நேரம் வரல."

சாக்லேட் இருக்கும் என்று நான்கு பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். நான் மார்க் ஷீட் வைத்திருக்கிறேன்.

கயல் ஈரத் தலையோடு வந்தாள். இளைத்திருந்தாள். எதிரே உட்கார்ந்தாள். நான் வாயைத் திறந்தேன். மூன்று வார்த்தை வர வேண்டிய இடத்தில் என்ன வந்தது தெரியுமா?

"பேப்பர் குடுத்துட்டாங்களா?"

"குடுத்துட்டாங்கப்பா."

"கொண்டு வாயேன், பாப்போம்."

மூன்று மாடி ஏறிப் போய் எடுத்து வந்தாள். இப்போது நினைத்தால், ஏதோ எதிர்பார்த்துத்தான் போயிருக்கிறாள். நான் பேப்பரை வாங்கினேன். முதல் பக்கத்தை வருத்தத்தோடுதான் பார்த்தேன். இரண்டாவது பக்கம் போவதற்குள் என் கை தானாகச் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துவிட்டது.

"இங்க பாரு, மைனஸ விட்டுட்டே. இந்த ஸ்டெப் எங்கேருந்து வந்துச்சு? லிமிட் மாத்திப் போட்டிருக்கே."

வட்டம் போட்டேன். சுழித்தேன். ஓரத்தில் சரியான விடையை எழுதினேன். நான்காவது பக்கத்தில் எனக்கு ஒரு புதையல் கிடைத்தது. கூட்டலில் இரண்டு மார்க் விட்டுப்போயிருந்தது.

"பதினொண்ணு இல்லம்மா, பதிமூணு!" என்று கூவினேன். அந்த அறையில் இருந்த மற்ற பெற்றோர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "நாளைக்கே போய்க் கேளு!"

இதைவிடப் பெரிய ஆறுதல் உலகத்தில் உண்டா என்று நிமிர்ந்து பார்த்தேன். ரோஸி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கயல் பேப்பரை மெதுவாக என் கையிலிருந்து வாங்கி மடித்தாள்.

"அப்பா, நீங்க எதுக்கு வந்தீங்க?"

"சும்மா... உன்னப் பாக்கத்தான்."

"பாத்துட்டீங்களா?"

"பாத்துட்டேன்."

"சரிப்பா. மழ வர மாதிரி இருக்கு. நனையாமப் போய்ச் சேருங்க."

மத்தியப் பேருந்து நிலையத்தில் ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் மடியைப் பார்த்தேன். முறுக்குப் பை அப்படியே இருந்தது. இறங்கித் திரும்பிப் போயிருக்கலாம். மறுபடி அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. பஸ் பாலத்தில் ஏறும்போது மழை பிடித்துக்கொண்டது. பக்கத்து சீட்காரர், "பர்பி வாசனை தூக்குது சார்," என்றார். பையின் வாயைச் சுருட்டி மூடினேன்.

கதவைத் திறந்த மேகலா என்னைப் பார்க்கவில்லை. பையைத்தான் பார்த்தாள்.

"குடுக்கலையா?"

"மறந்துட்டேன்."

"சொல்ல வேண்டியதச் சொன்னீங்களா?"

"பதிமூணு மார்க் வரும்," என்றேன்.

அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மறுநாள் அரை நாள் லீவு போட்டு, அதே பையோடு தானே போய்விட்டு வந்தாள். அங்கே என்ன பேசினார்கள் என்று இருவருமே எனக்குச் சொன்னதில்லை. அடுத்த சனிக்கிழமை கயல் வீட்டுக்கு வந்தாள். வழக்கம்போலப் பேசினாள், சாப்பிட்டாள், சிரித்தாள். ஆனால் இரண்டாம் வருடம் வீட்டிலிருந்தே போய் வரலாம் என்றானபோது, "லேப் முடிய லேட்டாவும்ப்பா," என்று ஹாஸ்டலிலேயே இருந்துகொண்டாள். மேகலா இன்றும் மாதாமாதம் பார்சல் கட்டுகிறாள். எனக்கு அதில் கயிற்றைப் பிடித்துக்கொள்ளும் வேலை மட்டும் உண்டு.

பார்வையாளர் அறையில் நடந்ததை ரோஸி ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். அதனால் எங்கள் வீட்டில் யாரும் எந்தச் செய்தியையும் என்னிடம் நேராகச் சொல்வதில்லை. "அப்பா, கையில பேனா இருக்கா?" என்று கயல் போனில் கேட்ட பிறகுதான் விஷயத்துக்கே வருவாள். என் மைத்துனன் மகள் பிளஸ் ஒன் ரிசல்ட்டோடு வந்தபோது மேகலா வாசலிலேயே நிறுத்தி, "இரு, மாமா சட்டப் பையப் பாத்துட்டு வரேன்," என்றாள். கல்யாண வீடுகளில்கூடச் சொல்லிச் சிரிக்கிறார்கள். நானும் சேர்ந்து சிரிக்கிறேன். சரியான இடத்தில் பையைத் தட்டிக் காட்டவும் பழகிவிட்டேன்.

போன தீபாவளிக்கு ரோஸி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். மேகலா தட்டில் மைசூர்பாகு வைத்தாள். ரோஸி ஒரு வாய் கடித்துவிட்டு, "ஆன்ட்டி, கயல் தேர்ட் செம் அரியர கிளியர் பண்ணப்ப ஒரு டப்பா அனுப்பினீங்களே, அதே டேஸ்ட்!" என்றாள்.

"எந்த அரியர்?" என்றேன்.

மூன்று பேரும் மெல்லுவதை நிறுத்தினார்கள்.

கயல் ஒரு பாடத்தில் தோற்று, ஆறு மாதம் கழித்து மறுபடி எழுதிப் பாஸ் செய்திருக்கிறாள். மேகலாவுக்குத் தெரியும். ரோஸிக்குத் தெரியும். கீழ் வீட்டுக்காரருக்கே தெரிந்திருக்கிறது.

"சொல்லலாம்னுதான்ப்பா வந்தேன். அன்னைக்குப் பாத்து உங்க பையில பேனா இருந்துச்சு," என்றாள் கயல். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் வேடிக்கையாகத்தான் சொன்னாள்.

எந்தப் பாடம், எத்தனை மார்க் என்ற கேள்வி என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.

"மைசூர்பாகு நல்லா இருந்துச்சாம்மா?" என்று கேட்டேன்.

"சூப்பரா இருந்துச்சுப்பா. பாஸானதக் கொண்டாட நாங்க நாலு பேரும் உக்காந்து ஒரே நாள்ல காலி பண்ணிட்டோம்."

அந்தப் பார்சலுக்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான். உள்ளே என்ன, எதற்காக என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.