பாலத்துக்கு அந்தப் பக்கத்து நேரம்

மகள் கல்யாணப் பத்திரிகையில் பன்னிரண்டு மணி என்று போட்டிருந்தது. எந்த நாட்டுப் பன்னிரண்டு என்பதுதான் அபிலியோவின் கவலை.

அவர் வீடு இருந்தது போர்ச்சுகலின் வலென்சாவில். பாலத்தைத் தாண்டினால் ஸ்பெயினின் துய். பத்து நிமிடத்தில் காரில் போய்விடலாம், ஆனால் அங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் முந்தி ஓடும். கல்யாணம் நடக்கும் மாதா கோயில் அந்தக் கரையில் என்பதால் அந்தக் கரை நேரமே என்று முடிவுகட்டி, சமையலறைக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்தார். அண்ணன் மறந்திருப்பார் என்று தங்கை தெயோலிந்தாவும் அதையே இன்னொரு மணி நேரம் தள்ளி வைத்தாள்.

ஊரை ஒப்பிடுவதில் அபிலியோ புலி. அங்கே காபி கருகல், இங்கே மணம். அங்கே மதியச் சோறு மூன்று மணிக்கு, ஆகவே அந்தக் கரைக்குப் போகிறவன் கையில் மீன் உருண்டை கட்டிக்கொள்ளவேண்டும். இப்படி ஒரு முழுப் பட்டியலையே நிச்சயதார்த்தத்தன்று சம்பந்தி வீட்டார் முன் முக்கால் மணி நேரம் வாசித்தார். மகள் நோயேமியா முகம் சிவந்து எழுந்து போய்விட்டாள். கல்யாணத்தன்று வாயே திறப்பதில்லை என்று பிறகு அவளிடம் சத்தியம் செய்தார். மகளைக் கைபிடித்துக் கோயிலுக்குள் கூட்டிப்போக வேண்டும், அது போதும் அவருக்கு. வாசலில் காத்திருப்பதாக அவளும் சொல்லியிருந்தாள்.

சமையலறைக் கடிகாரத்தை நம்பி அரக்கப்பரக்கக் கிளம்பினார்கள். பாலத்தின் நடுவில் போன் தானாகவே ஸ்பெயின் நேரத்துக்கு மாறியது. பத்தே முக்கால்தான்.

"அதனால என்னண்ணே, கோயில்லயே போய் உக்காருவோம்" என்றாள் தெயோலிந்தா.

"ஒரு மணி நேரம் முன்னாடியே போய் நின்னா, போர்ச்சுகல்காரன் சோத்துக்குப் பறக்கறான்னு பேசுவாங்க."

காரைத் திருப்பி வலென்சாவுக்கே வந்து காபி குடித்தார்கள். மடியிலிருந்த மீன் உருண்டைப் பொட்டலம் கசிந்து கால்சட்டையில் எண்ணெய் இறங்கியது. தெயோலிந்தா சோப்புப் போட்டுத் தேய்க்க, கறை முழங்கால்வரை பரவியது. மாற்று உடைக்கு வீட்டுக்குப் போய், பழைய கால்சட்டைக்குள் வயிற்றை அடைத்துக்கொண்டு, மூச்சுவிடாமல் மறுபடி பாலம் ஏறினார்.

கோயில் மணி பன்னிரண்டு அடிக்கும்போது வாசலில் நின்றார். கூட்டமில்லை. படியெல்லாம் அரிசியும் பூவிதழும் கிடந்தன. ஒரு பெண் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

அபிலியோ படியிலேயே உட்கார்ந்துவிட்டார். எங்கேயோ ஒரு மணி நேரத்தைத் தானே தப்பாகக் கூட்டிவிட்டதாகச் சொல்லி அவளிடம் அழுதேவிட்டார்.

அவள் துடைப்பத்தைக் கீழே வைத்தாள். "நேரம் குழம்பிருச்சுன்னு உங்ககிட்ட சொல்லச் சொல்லிட்டுத்தான் பொண்ணு போச்சு, ஆனா எனக்குப் பொய் வராதுங்க, மத்தவங்க பத்திரிகையில எல்லாம் பதினோரு மணின்னுதான் இருந்துச்சு."