மூன்று வயர், மூன்று ஜடை

இனிமேல் தன் வீட்டில் ஒரு வயர்கூடத் தாறுமாறாகத் தொங்கக் கூடாது என்று நூலகர் சனிக்கிழமை சாயங்காலம் முடிவெடுத்தார். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

வீட்டிலிருந்த கம்ப்யூட்டர் அவரே பாகம் பாகமாக வாங்கி, அவரே திருகி, அவரே பூட்டியது. மூன்று வாரம் சாப்பாட்டு மேஜை அவர் வசம். மனைவியும் ஆறு வயது மகளும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள்.

"கம்ப்யூட்டர் கடை வச்சிருக்கற என் தம்பிய ஒரு வார்த்தை கேளுங்களேன்" என்றாள் மனைவி.

"உன் தம்பி திருப்புளி பிடிச்சு ரிப்பேர் பண்றவன். நான் புத்தகம் படிச்சு உருவாக்கறவன்."

சொன்னபடி செய்தும் காட்டிவிட்டார். ஒரு வாரம் கம்ப்யூட்டர் ஜம்மென்று ஓடியது.

ஆனால் பெட்டிக்கு ஒரு பக்கம் கண்ணாடி. அதற்குள்ளே கறுப்பு வயர்கள் குடல் சரிந்த மாதிரி தொங்கின. பத்தாயிரம் புத்தகத்தை ஒன்றின் முதுகு இன்னொன்றைவிடத் துருத்தாமல் அடுக்கி வைக்கிற மனிதருக்கு இதைப் பார்த்தால் சோறு இறங்குமா? பவர் பெட்டியிலிருந்து கிளம்பும் மூன்று தடித்த வயர்களையும் கழற்றினார். ஜடை பின்னினார். ஆமாம், ஜடையேதான். தினமும் காலையில் மகளுக்குத் தலை பின்னுவது அந்த வீட்டில் அவர் வேலை. விரலுக்கு அது பழகிப்போயிருந்தது. பின்னலின் அடியில் மகளின் சிவப்பு ரிப்பனைக் கட்டி, நுனிகளைப் பிரித்து, அதனதன் இடத்தில் மாட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கினார்.

ஞாயிறு காலை சுவிட்சை அழுத்தினார். விசிறிகள் சுற்றின. விளக்குகள் பச்சையும் நீலமுமாக மின்னின. திரை மட்டும் கரேலென்று இருந்தது.

அன்றைக்கு நாலு மணிக்கு மனைவியின் முதல் தையல் வகுப்பு. வெவ்வேறு ஊர்களிலிருந்து பன்னிரண்டு பெண்கள் கம்ப்யூட்டர் வழியாகச் சேர்வதாக ஏற்பாடு. ஆறு மாதம் பேசிப் பேசி அவள் சேர்த்த கூட்டம். கைபேசித் திரையில் பன்னிரண்டு பேரின் தையலைப் பார்க்க வேண்டுமென்றால் பூதக்கண்ணாடிதான் வாங்க வேண்டும்.

"என்னங்க, தம்பிய கூப்பிடலாமா?" என்றாள் அவள்.

"எதுக்கு? ஏதோ ஒரு பவர் வயர் லூசா இருக்கும். செக் பண்ணா முடிஞ்சுது."

"மூணு மணி வரைக்கும் பாருங்க. அதுக்கு மேல அவனுக்கு போன் போயிடும்."

"போடு. எனக்கென்ன?"

"நான் இல்ல, நீங்க போடணும். 'மச்சான், எனக்குத் தெரியல, நீ வந்து பாரு'ன்னு உங்க வாயால சொல்லணும்."

"அந்த வார்த்தை என் வாயில வராது."

"அப்ப அந்தத் திரையில படம் வரணும்."

குளித்தால் மூளை சுறுசுறுப்பாகும் என்று குளிக்கப் போனார். திரும்பி வந்தபோது மேஜைமேல் டார்ச் விளக்கு கிடந்தது. மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். வெங்காயம் உரிக்கிற முகத்தில் இவ்வளவு சந்தோஷம் எதற்கு என்று அவர் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

மின்சாரத்தை அணைத்துவிட்டு, அழகான கையெழுத்தில் ஒரு பட்டியல் போட்டார். சுவரில் இருக்கிற பிளக்: அழுத்திப் பார்த்தார், டிக். போர்டுக்குப் போகும் அகல வயர்: டிக். படம் காட்டும் அட்டைக்குப் போகிற வயர்: டிக். மேல்மூலையில் புராசஸருக்கு மின்சாரம் கொடுக்கிற வயர்: அது விசிறிக்குப் பின்னால் இருட்டில் இருந்தது. விரலை விட்டுத் துழாவினார். வயரின் தலை தட்டுப்பட்டது. டிக்.

சுவிட்சைப் போட்டார். விசிறி, விளக்கு, கரேல்.

"என்னங்க, பாப்பா ஜடை அவுந்துடுச்சு. போட்டு விடுங்க."

"காலையிலதானே போட்டேன்?"

"விளையாடற புள்ள. அவுறாதா?"

முணுமுணுத்துக்கொண்டே பின்னினார்.

"விரிச்சு விட்டா இடுப்பு வரைக்கும் வருதுங்க. பின்னினதும் எவ்வளவு மேல ஏறிப்போச்சு பாருங்க" என்றாள் மனைவி.

"ம்... விசிறி சுத்துதுன்னா கரண்டு வருது. கரண்டு வருதுன்னா படம் ஏன் வரல?"

மனைவி பெருமூச்சு விட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

ஒரு மணிக்கு இரண்டாவது சுற்று. அதே பட்டியல், அதே டிக், அதே கரேல். அதே மகள், தலைவிரி கோலமாக.

"மறுபடியுமா? இது என்ன முடியா, சோப்பா?"

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா கூரையைப் பார்த்தாள். நூலகர் பின்னினார்.

மணி இரண்டே முக்கால். அவர் கண் கடிகாரத்துக்கும் கைபேசிக்குமாக ஓடியது. 'மச்சான்' வரைக்கும் மனசுக்குள் சொல்லிப் பார்த்தார், வந்தது. 'எனக்குத் தெரியல' வரவில்லை. அப்போது மூன்றாவது முறையாக மகள் சீப்போடு வந்து நின்றாள். பின்னாலேயே அளவு நாடாவோடு மனைவி.

"ஏம்மா, உயிர் போற நேரத்துல ஜடையா?"

"ரிப்பன் வெட்டணும், அளவு எடுக்கறேன். அசையாதீங்க. விரிச்சு விட்டா ஐம்பது செண்டிமீட்டர். ம், பின்னுங்க."

பின்னினார்.

"இப்ப நாற்பது. பத்து செண்டிமீட்டர் எங்கங்க போச்சு?"

"எங்க போகும்? பின்னல்ல போச்சு. மூணையும் வளைச்சு வளைச்சுப் பின்னினா நீளம் குறையத்தானே..."

சீப்பு கீழே விழுந்தது.

டார்ச்சைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். மின்சாரத்தை அணைத்து, விசிறிக்குப் பின்னால் வெளிச்சம் அடித்தார். வயரின் தலை மூலையில்தான் இருந்தது. துளைக்குள் போகவில்லை. இரண்டு விரல் தூரம் எட்டாமல், பரிதாபமாக முட்டிக்கொண்டு நின்றது. சிவப்பு ரிப்பனை உருவினார். ஜடையைப் பிரித்தார். வயரை இழுத்து அழுத்தினார். 'டக்'கென்று உட்கார்ந்தது.

சுவிட்சைப் போட்டார். திரை பளீரென்று விழித்தது.

"கண்டுபிடிச்சுட்டேன்! மணி என்ன?"

"மூணுக்கு ரெண்டு நிமிஷம்."

"பார்த்தியா? உன் தம்பி வந்திருந்தா எல்லாத்தையும் கழட்டிப் பரப்பியிருப்பான். இதெல்லாம் யோசிக்கிற மூளைக்குத்தான் வரும்."

"ஆமாங்க. உங்க மூளையே மூளை" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. வெங்காயம் உரித்து வெகுநேரம் ஆகியிருந்தது. அவருக்கு மனசு இளகிவிட்டது. மிஷினுக்கு எண்ணெய் விட்டார், ஊசியில் நூல் கோத்தார், அவள் உட்காரும் நாற்காலியைத் தன் துண்டாலேயே துடைத்தார்.

நாலு மணி. திரையில் பன்னிரண்டு கட்டம், பன்னிரண்டு முகம். மனைவி வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் நூலகர் பக்கவாட்டில் தலையை நீட்டினார்.

"எல்லாருக்கும் வணக்கம்மா. இந்தக் கம்ப்யூட்டர் நானே செஞ்சது. காலையில ஒரு பெரிய கோளாறு. யார் உதவியும் இல்லாம நானே கண்டுபிடிச்சு..."

அவருக்கும் மேஜைக்கும் நடுவில் ஒரு பின்னிய தலை முளைத்தது.

"அம்மா, அப்பா கண்டுபிடிச்சுட்டாருல்ல? இனிமே என் ஜடைய அவுக்க மாட்டீங்கல்ல? மூணு தடவ அவுத்துட்டீங்க, வலிக்குது."

நூலகருக்கு மேஜைமேல் கிடந்த டார்ச் ஞாபகம் வந்தது. உரித்த வெங்காயம் ஞாபகம் வந்தது. மெதுவாக மனைவி பக்கம் திரும்பினார்.

"காலையிலயே தெரியுமா? நேரா சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நீங்க புத்தகத்தை எடுத்துட்டு வந்து நாலு மணி வரைக்கும் வாதாடுவீங்க" என்றாள் அவள், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். "நீங்களா கண்டுபிடிச்சா அரை நிமிஷத்துல மாட்டிடுவீங்க. மாட்டிட்டீங்கல்ல?"

பன்னிரண்டு கட்டமும் குலுங்கிக்கொண்டிருந்தன. மூன்றாவது கட்டத்துப் பெண்மணிதான் முதலில் சிரிப்பை அடக்கிக்கொண்டு கையைத் தூக்கினாள்.

"டீச்சர், தையலை அடுத்த வாரம் பார்த்துக்கலாம். முதல்ல இதைச் சொல்லிக் குடுங்க."